கன்னிமூலைக் கல்லுக்கால்

அனுமந்தன்பட்டியில் செல்லப்பாண்டியின் திராட்சைப் பந்தலில் கன்னிமூலைக் கல்லுக்கால் சாய ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தவர், அது சாயவே கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்த ஆள்தான். அவர் செல்வமணி, செல்லப்பாண்டியின் மருமகன். கம்பம் ரோட்டில் அப்போது புதிதாக வந்திருந்த பாலிடெக்னிக்கில் மெக்கானிக்ஸ் வாத்தியார். அந்தப் பந்தலுக்குக் கணக்குப் போட்டவர் அவர்தான். நிறுத்தியதும் அவரும் அவரிடம் படித்த பிள்ளைகளும்தான்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. பாலிடெக்னிக்குக் கிளம்புமுன் செல்வமணி தோட்டத்துக்குள் போய், கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டைக் கல்லுக்காலின் தலையில் பிடித்துப் பார்ப்பார். குண்டு தொங்குகிற இடத்துக்கும் கல்லின் அடிக்கும் நடுவில் முதலில் ஒரு விரல் நுழைந்தது. பிறகு இரண்டு விரல். பிறகு உள்ளங்கையே தாராளமாகப் போனது. குண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவார். மாமனார் வீட்டிலேயே கோழி திருடியவர் மாதிரி இருக்கும் அவர் முழி.

செல்வமணிக்குச் சொந்த ஊர் ஜெயமங்கலம். செல்லப்பாண்டிக்கு ஒரே மகள் சொர்ணலதா. மனைவி இறந்து பல வருஷம். அய்யாவைத் தனியாக விட்டுவிட்டு வர மாட்டேன் என்று கல்யாணப் பேச்சிலேயே அவள் சொல்லிவிட்டாள். பாலிடெக்னிக்கும் நடக்கிற தூரம். ஆக வாத்தியார் வீட்டோடு மாப்பிள்ளை. ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் அவருக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்து, "மாமியார் இல்லாத வீட்டு மாப்ள, இங்கனயாச்சும் இனிப்பாக் குடிங்க" என்பார்கள். அவரும் சிரித்துக் குடித்துவிட்டுப் போவார். கோபப்படத் தெரியாத மனுசர், அதுதான் அவருடைய பெரிய சிக்கலே.

பாலிடெக்னிக்கில் அவருக்குக் கயித்து வாத்தியார் என்று பேர். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அது. மற்ற வாத்தியார்கள் போர்டில் ஒரு கோடு கிழித்து அம்புக்குறி போட்டு, "இது விசை, எழுதிக்க" என்பார்கள். இவர் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போய்விடுவார். ஒருத்தன் நேராக நிற்க வேண்டும், அவன் தூண். அவன் இடுப்பில் கயிறு கட்டி ஒரு பக்கம் நாலு பேர் இழுப்பார்கள். எதிர்ப் பக்கம் ஒருத்தன் இன்னொரு கயிற்றைப் பிடித்துக் கால் ஊன்றி மல்லாந்து நிற்க வேண்டும், அவன் ஸ்டே கம்பி. கரண்டு கம்பத்தைச் சாயாமல் இழுத்துக் கட்டியிருப்பார்களே, அதே ஸ்டே கம்பி.

"எங்கனலே வலிக்குது?" என்பார்.

"இடுப்புல சார்."

"அங்கனதான் விசை. இப்ப எழுதிக்க."

கிராமத்துப் பையன்கள் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் புத்தகம் காடாகத் தெரிந்தது. இடுப்பு வலித்தது புரிந்தது. அந்த வருஷம் மெக்கானிக்ஸில் தோற்றவர்கள் குறைவு. பிரின்சிபாலுக்கு அதுவே பிடிக்கவில்லை. "கயிறு திரிக்கிறதுக்கு டிப்ளமா எதுக்குய்யா?" என்று ஆபீசில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். அப்போதுதான் செல்வமணி வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார். இந்தப் பிள்ளைகளை வைத்தே ஒரு உருப்படியான காரியம் கட்டிக் காட்டுகிறேன், நின்றால் அடுத்த செட்டுக்கு வாய்க்காலில் ஒரு நடைபாலம் கட்ட விட வேண்டும், நிற்காவிட்டால் பழையபடி சாக்பீஸைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

உருப்படியான காரியம் வீட்டிலேயே இருந்தது. செல்லப்பாண்டியின் பழைய பந்தல் வாகை மரக் காலில் நின்றது. கறையான் அரித்துப் பாதி படுத்துவிட்டது. பன்னீர் திராட்சைக் கொடி மட்டும் நல்ல கொடி. கல்லுக்கால் நட்டுப் புதுப் பந்தல் போட வேண்டும் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் வந்து அளந்தார்கள். ஒரு சதுரத்தில் எத்தனை குலை தொங்கும், என்ன எடை வரும் என்று தராசு வைத்து நிறுத்தார்கள். கம்பியில் மண் மூட்டையைத் தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று பார்த்தார்கள். டிராயிங் போட்டார்கள்.

பந்தல் கம்பி எல்லாம் ஓரத்துக் கால்களை உள்ளே இழுக்கும். பழம் கனக்கக் கனக்க இழுப்பு கூடும். அதனால் ஒவ்வொரு ஓரக் காலின் தலையிலிருந்தும் வெளிப்பக்கமாக ஸ்டே கம்பி இழுத்து, மண்ணுக்குள் புதைத்த கல்லில் கட்ட வேண்டும். மூலைக் காலுக்கு இரண்டு பக்க இழுப்பு. அதற்கு ஸ்டே நேர் மூலைவாக்கில் வெளியே போக வேண்டும். மூன்று மூலைக்கும் போனது. நாலாவது மூலை, தென்மேற்கு, கன்னிமூலை. அதற்கு வெளியே இருந்தது ஒச்சாண்டியின் வெங்காயக் காடு.

ஒச்சாண்டி செல்லப்பாண்டிக்குச் சித்தப்பா மகன். ஒரே வரப்பில் இரண்டு பேருக்கும் நிலம். பழைய பந்தல் இருந்த காலத்தில் அந்த மூலை ஸ்டே கம்பி வரப்பைத் தாண்டித்தான் போனது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் உழுதுவிட்டு அவிழ்த்துவிட்ட ஒச்சாண்டியின் செவலைக் காளை தண்ணீருக்குப் போகும்போது அந்தக் கம்பியில் பின்னங்காலைக் கொடுத்து, மிரண்டு உதறி, எலும்பை முறித்துக்கொண்டது. கன்றிலிருந்து வளர்த்த மாடு. கடைசியில் மாட்டைத் தரகனிடம்தான் விட வேண்டியிருந்தது. ஒச்சாண்டி தொழுவத்தில் உட்கார்ந்து பொம்பளை மாதிரி அழுதான் என்று ஊரில் சொன்னார்கள். மாட்டுக்கு அழுவதற்கு ஆம்பளை என்ன, பொம்பளை என்ன. விசாரிக்கப் போன செல்லப்பாண்டி வாசலில் நின்றுகொண்டு, "மாட்டக் கட்டி வச்சிருக்கணும்லே" என்று சொல்லிவிட்டார். அவருக்கும் சங்கடம்தான். சங்கடத்தில் வாயில் வந்தது அது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. "இனி என் வரப்பத் தாண்டி ஒரு கம்பி வரப்படாது" என்று ஒச்சாண்டி சொன்னதை ஊரே கேட்டது.

புதுப் பந்தல் போடும்போது செல்வமணி கேட்டுத்தான் பார்த்தார். "மாமா, ஒரே ஒரு கல்லு. சின்ன மாமாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா..."

"அவன்ட்டப் போயி நிக்கிறதுக்கு நான் பந்தலே போடாம இருந்துக்கிருவேன், மாப்ள" என்றார் செல்லப்பாண்டி. "வேற வழி இருக்கா இல்லையா? வாத்தியாருல்ல நீங்க."

வேறு வழி இருந்தது. வெளியே இருந்து இழுப்பதற்குப் பதிலாக உள்ளே இருந்து ஒரு கல்லைச் சாய்வாக முட்டுக் கொடுத்தார்கள். தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண் ஜெபராணி அந்த செட்டில் படித்தாள். வகுப்பில் ஒரே பெண் அவள்தான். அவள் கேட்டாள்.

"சார், டிராயிங்ல எல்லா மூலைக்கும் ஸ்டே வெளிய போகுது. இங்கன மட்டும் உள்ள முட்டு வச்சிருக்கோமே?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. வெளிய இருந்து இழுத்தாலும் உள்ள இருந்து தள்ளுனாலும் கால் நிக்கும். கணக்குப் போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. காகிதத்தில் மண் நனைவதில்லை. அது செல்வமணிக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார். பந்தல் நின்றது, முதல் அறுப்பும் நல்லபடியாகப் போனது. பிரின்சிபால் யார் யாரையோ கூட்டிவந்து பந்தலைக் காட்டிப் போட்டோ எடுத்து ஆபீசில் மாட்டினார். பாலத்துக்குச் சரி என்றும் சொல்லிவிட்டார். இப்போது மழையில் முட்டுக்கல்லின் அடி புதைந்துகொண்டிருந்தது.

"ஏங்க, எம்புட்டு சாஞ்சிருக்கு?" என்று சொர்ணலதா கேட்டாள். சாயங்காலம், மொச்சைக் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். மாமனார் இன்னும் தோட்டத்திலிருந்து வரவில்லை.

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காதீக. நீங்க குண்டத் தூக்கிட்டுப் போறதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

செல்வமணி உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"அய்யாட்ட சொன்னீகளா?"

"சொன்னேன். முட்டுக்கு அடியில இன்னொரு கல்லப் போடுங்குறாக."

"போட்டா நிக்குமா?"

"மண்ணு களி மாதிரிக் கெடக்கு. எத்தனை கல்லப் போட்டாலும் முழுங்கும்."

"பழத்த வெட்டிட்டாப் பாரம் குறையும்ல?"

"இன்னும் பழுக்கலையே. கம்பத்து யாவாரி ஒண்ண வாயில போட்டுப் பாத்துத் துப்பிட்டுப் போறான். அதுபோக, ஒரு பக்கமா வெட்டிக்கிட்டு வந்தா மத்தப் பக்கம் கூட இழுக்கும்."

"அப்பச் சித்தப்பாட்டக் கேட்டுத்தான் ஆகணும்."

"நான் போயிக் கேக்குறேன்னேன். 'நீங்க போயி நின்னா நான் போயி நின்ன மாதிரி'ன்னுட்டாக."

"நான் போறேன்."

"உன்னையும் சொன்னாக. நீ அந்த வாசப்படிய மிதிச்சா இந்த வாசப்படிய மிதிக்கப்படாதாம்."

சொர்ணலதா குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்தாள். கூரையில் மழைச் சத்தம் கேட்டது. அந்த ஐப்பசியில் அந்த வீட்டில் மழையை யாரும் மழை என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு தூறலும் அந்த மூலையில்தான் விழுந்தது.

"எங்க ஊருக்குப் போயிருவமா?" என்றார் செல்வமணி. "ஜெயமங்கலத்துல ஒரு ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியார் வேலை இருக்குன்னாக."

"எப்பப் போறது? பந்தல் விழுந்த பெறகா, விழுகுறதுக்கு முந்தியா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். விழுமுன் போனால் ஓடிப்போனவர், விழுந்தபின் போனால் விழவைத்தவர். போகாமல் இருந்தால் தினமும் குண்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். செல்லப்பாண்டி கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, "என்ன மாப்ள, குழம்பு உப்பா?" என்று கேட்டார். இல்லை என்றார் செல்வமணி.

அந்தச் சனிக்கிழமை செல்வமணி பழைய செட்டுப் பிள்ளைகளையே தோட்டத்துக்கு வரச் சொன்னார். அவர்கள் இப்போது கடைசி வருஷம். பந்தலைப் பார்த்துப் படிக்க என்று பிரின்சிபாலிடம் சொன்னார்; உண்மையில் ஆள் பலத்துக்குத்தான். முட்டுக்கல்லின் அடியில் பெரிய பலகைக் கல்லாகப் போட்டுவிட்டால் அறுப்பு வரையாவது தாக்குப் பிடிக்கும் என்று ஒரு நப்பாசை. சொர்ணலதா வீட்டில் கப்பைக்கிழங்கு அவித்து, கருவாட்டுக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். செல்லப்பாண்டி மோட்டார் ரூமில் இருந்தார். ஒச்சாண்டி தேனிச் சந்தைக்குப் போயிருந்தான்.

முட்டின் அடியைத் தோண்டும்போதே அது வழுக்கிவிட்டது. பந்தல் முழுக்கக் கம்பிகள் 'ங்ங்' என்று ஒரே குரலில் முனகின. கன்னிமூலைக் கால் ஒரு சாண் உள்ளே வந்தது. பக்கத்துக் காலும் லேசாகத் தலையை ஆட்டியது.

"வெளிய வாங்கலே! எல்லாரும் வெளிய வாங்க!" என்று செல்வமணி கத்தினார்.

சண்முகராஜ் என்ற பையன் வெளியே ஓடியவன், கிணற்றடியில் கிடந்த வடக்கயிற்றைத் தூக்கி வந்து காலின் தலையில் சுருக்குப் போட்டு வீசினான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அத்தனை பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பைத் தாண்டி ஒச்சாண்டியின் வெங்காயத்துக்குள் இறங்கி, கால் ஊன்றி மல்லாந்தார்கள். மைதானத்தில் பழகினது. மோட்டார் ரூமிலிருந்து ஓடிவந்த செல்லப்பாண்டி, எல்லாருக்கும் முன்னால் போய்க் கயிற்றைப் பற்றினார். வரப்பைத் தாண்டிவிட்டோம் என்பது பிடித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. குனிந்து காலடியைப் பார்த்தார், அப்புறம் நிமிரவில்லை.

கல்லுக்கால் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. முழுக்க நிமிரவில்லை, ஆனால் நின்றது.

"யாரும் விடப்படாது" என்றார் செல்வமணி. அவரும் கயிற்றில்தான் இருந்தார்.

"சார், எங்கன வலிக்குதுன்னு இன்னைக்குக் கேக்கலையே?" என்றான் சண்முகராஜ். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்ததில் கயிறு ஆடியது, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"சார், இத எங்கனயாச்சும் கட்டணும் சார்" என்றாள் ஜெபராணி. "நாங்க எம்புட்டு நேரம் புடிச்சுக்கிட்டு நிப்போம்? நாலு பேரு புடிங்க, மத்தவங்க இங்கனயே குழி தோண்டி ஒரு கல்லப் பொதச்சு..."

"நாலு பேரு காணாது. தோண்ட நாலஞ்சு பேர வேணா விடலாம். ஆனா இது அவுக எடம்மா."

"அப்பக் கேளுங்க சார்."

செல்வமணி மாமனாரின் முதுகைப் பார்த்தார். முதுகு திரும்பவில்லை.

"ஜெபராணி" என்றார். "நீ அன்னைக்குக் கேட்டேல்ல. ரெண்டும் ஒண்ணில்ல. முட்டு மண்ண நம்பி நிக்கிது. மண்ணு நனஞ்சா போச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும் சார்" என்றாள் அவள். "நீங்க சொன்னீங்கன்னு விட்டுட்டேன்."

அதைக் கேட்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. கையால் துடைக்கவும் வழியில்லை. பிள்ளைகளுக்கு இடுப்பு வலியைக் கற்றுக்கொடுத்தேன் என்று பெருமைப்பட்டோமே, கூடவே வாயை மூடிக்கொள்ளவும் கற்றுக்கொடுத்துவிட்டோமே என்றுதான் அவருக்கு வந்தது.

சொர்ணலதா சோற்றுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தபோது நேரம் உச்சியைத் தாண்டியிருந்தது. கூடையை இறக்கவும் தோன்றாமல் நின்றாள். அவள் வந்த கொஞ்ச நேரத்தில், பஸ்ஸைவிட்டு இறங்கிக் குடையும் பையுமாக ஒச்சாண்டி வரப்பில் வந்தான்.

"யாருலே என் காட்டுக்குள்ள?" என்று கத்திக்கொண்டே வந்தவன், கயிற்றின் முன்னால் நின்றவரைப் பார்த்ததும் சத்தத்தை விட்டுவிட்டான். மிதிபட்ட வெங்காயத்தைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான், அது போய்ச் சேர்ந்த கல்லைப் பார்த்தான். பையை வரப்பில் வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணன் எங்காட்டுக்குள்ள வந்துட்டாகளா" என்றான்.

"சின்ன மாமா, நான் சொல்றதக் கேளுங்க" என்றார் செல்வமணி மூச்சு வாங்க. "இங்கன ஒரு கல்லு பொதைக்க விடுங்க. கம்பி இருக்குறது தெரியுற மாதிரி உயரமா ஒரு கல்லு நட்டு, சுத்திலும் வேலி கட்டித் தாரோம். மாடு கன்னு அண்டாது."

"மாப்ள, நீங்க கேக்காதீக. நீங்க வெளியூரு. உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. கேக்க வேண்டியவுக கேக்கட்டும்."

செல்லப்பாண்டி கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஞ் செவலை மூணு கால்ல நின்னுக்கிட்டு என்னையவே பாத்துச்சு" என்றான் ஒச்சாண்டி. பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னான், அவர்களுக்குத் தெரியாதே என்று. "கம்பி கட்டுறது அவுக உரிமை, ஒத்துக்கிட்டேன். தெரிஞ்சா செஞ்சாக? இல்ல. ஆனா வந்து வாசல்ல நின்னு என்ன சொன்னாக தெரியுமா? மாட்டக் கட்டி வச்சிருக்கணும்லேன்னாக. அடடா ஒச்சுன்னு ஒரு சொல்லு. அது போதும் எனக்கு. அழுதுட்டு அன்னைக்கே விட்டுருப்பேன்."

"சித்தப்பா" என்றாள் சொர்ணலதா.

"நீ சும்மா இரு ஆத்தா. ஒன்னையத் தூக்கி வளத்தவன் நான். நீ வந்து பேசலைங்குற வருத்தம் எனக்கு ஒருபக்கம் கெடக்கு."

தூறல் போட்டது. நனைந்த கயிறு கையில் வழுக்கியது. கல்லுக்கால் ஒரு விரல் உள்ளே போனது. "புடிங்கலே!" என்று ஏழெட்டுக் குரல் கேட்டது. செல்லப்பாண்டியின் கால் சேற்றில் சறுக்கியது, மறுபடி ஊன்றிக்கொண்டார். வாயைத் திறந்தார். எல்லாரும் பார்த்தார்கள். மூடிக்கொண்டார். அவருக்குச் சொல்ல வரவில்லை. பிடிவாதம் என்று ஊர் சொன்னது, ஆனால் அது பிடிவாதம் மட்டும் இல்லை. இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று நனைந்த முடிச்சு மாதிரி அவிழ மறுத்தது.

வாயால் கேட்க முடியாதவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தப்புப் பண்ணியவன் தன் தோள் துண்டை எடுத்து எதிராளியின் காலடியில் போடுவான். மனம் ஒத்தால் எதிராளி அதை எடுத்து உதறி அவன் தோளிலேயே திரும்பப் போட்டுவிடுவான். அதற்குமேல் யாரும் ஒரு பேச்சும் பேசக் கூடாது. செல்லப்பாண்டியின் தோளில் துண்டு இருந்தது. கை இரண்டும் கயிற்றில் இருந்தன.

சொர்ணலதா கூடையை இறக்கி வைத்தாள். வரப்பைத் தாண்டி வந்தாள்.

"அய்யா, கைய விடாதீக" என்றாள். துண்டின் நுனியைப் பிடித்தாள்.

"ஏய், என்ன பண்ற?" என்றார் அவர். புரிந்ததும் குரல் உடைந்தது. "வேணாம் ஆத்தா. வச்சிரு. தொடாதடி! மாப்ள, அவளச் சொல்லுங்க!"

துண்டு தோளிலிருந்து நழுவி வந்துவிட்டது. மகள் தகப்பன் தோளிலிருந்து துண்டை எடுப்பதை அந்த ஊரில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. அவள் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய், ஒச்சாண்டியின் காலடியில் சேற்றில் விரித்தாள்.

"அய்யா கேக்குறாக, சித்தப்பா."

ஒச்சாண்டி துண்டைப் பார்க்கவில்லை. செல்லப்பாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார். துண்டைப் பார்த்தார், திரும்பிக் கல்லுக்காலைப் பார்த்தார், பந்தல் நிறையப் பாதி கறுத்தும் பாதி பச்சையுமாகத் தொங்கிய குலைகளைப் பார்த்தார். கயிற்றை விடவில்லை.

"பொதச்சுக்கங்க" என்றான் ஒச்சாண்டி. பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"சித்தப்பா, துண்டு..."

"கல்லு பொதைக்கத்தான கேட்ட? பொதச்சுக்கங்க."

"எடுத்துக் குடுத்துட்டுப் போங்க சித்தப்பா. ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"அத அவுக வைக்கலையே, ஆத்தா" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. "நீ வச்ச. நீ கேட்ட. நான் குடுத்துட்டேன்." துண்டைத் தாண்டி, மிதிக்காமல், வரப்பில் ஏறிப் போய்விட்டான்.

பிள்ளைகள் குழி தோண்டினார்கள். ஆழமாகத் தோண்டி, குறுக்குக் கல்லைப் போட்டு, கம்பியைச் சுற்றி முறுக்கி இழுத்தார்கள். கல்லுக்கால் நேராக வந்து நின்றது. செல்வமணி தூக்குக்குண்டைப் பிடித்தார். குண்டு அடியோடு ஒட்டி நின்றது. ஒவ்வொருத்தராகக் கயிற்றை விட்டு, தோல் உரிந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டார்கள். செல்லப்பாண்டி கடைசியில் விட்டார். யாரையும் பார்க்காமல், சேற்றில் கிடந்த துண்டையும் எடுக்காமல், மோட்டார் ரூமுக்குள் போனார். அன்று வீட்டுக்கு வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. பந்தல் பழுத்தது, அறுத்தார்கள், கம்பத்துக்கு வண்டி போனது. அவர் மோட்டார் ரூமிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார். தோளில் ஒன்றுமில்லாமல் ஊருக்குள் எப்படி வருவது? செல்வமணி கம்பத்திலிருந்து புதுத் துண்டு வாங்கிவந்து கொடுத்தார். மடிப்புக் கலையாமல் அது ஆணியில் தொங்கியது. மகள்மேல் அடங்காத கோபம் என்று ஊர் பேசிக்கொண்டது. மகளும் அப்படித்தான் நினைத்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் ஒச்சாண்டி வெங்காயத்தை மறுபடி நட்டான். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிடவில்லை.

பிரின்சிபாலுக்கு ரொம்ப சந்தோஷம். வாய்க்கால் பாலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். புது செட்டு வந்ததும், செல்வமணி அவர்களைக் கன்னிமூலைக்குக் கூட்டிவர வேண்டியிருந்தது. ஸ்டே ஏன் வெளியே போக வேண்டும், முட்டு ஏன் நிற்காது என்று சொல்லிக்கொடுப்பார். இப்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேள்வி கேட்கும்வரை விட மாட்டார். மோட்டார் ரூம் கதவு திறந்திருக்கும். உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ஒருத்தர் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுக்கொண்டிருப்பது தெரியும். குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

சொர்ணலதாதான் தினமும் சோறு கொண்டுபோனாள். வைப்பாள், அவர் சாப்பிடுவார், அவள் கழுவி எடுத்துக்கொண்டு வருவாள். ஒரு பேச்சில்லை. தை பிறந்து பனி விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அய்யா, நான்தான எடுத்தேன்" என்றாள். "என்னைய நாலு வாங்கு வாங்குங்க. வையிங்க. இப்பிடிப் பேசாம இருக்காதீக. வீட்டுக்கு வாங்க அய்யா."

செல்லப்பாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஒன்னைய எதுக்கு ஆத்தா வையணும்?" என்றார். "நீ என்ன பண்ணுவ. நான் பண்ண வேண்டியத நீ பண்ணுன."

"பெறகு ஏன் இங்கனயே கெடக்குறீக?"

அவர் இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்துப் பார்த்தார். கயிறு அறுத்த தழும்பு வெளுத்துக் கிடந்தது.

"நீ துண்ட எடுத்தப்ப நான் கைய விட்டிருக்கலாம்ல? ஓடியாந்து புடுங்கியிருக்கலாம். இல்ல, அந்தத் துண்ட நானே வாங்கி நானே அவன் கால்ல வச்சிருக்கலாம். அத்தனை பிள்ளைக புடிச்சிருந்துச்சு. நான் ஒருத்தன் விட்டா என்ன, விழுந்துருமா? விழுந்தாத்தான் என்ன?" அவர் கையை மூடிக்கொண்டார். "விடலையே ஆத்தா. பழம் போயிருமேன்னு விடலையே. அவன் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான்."

சொர்ணலதா தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் போட்டாள்.